கூட்டி வைத்த ஆறு கிலோ

பனிக்காலத்தில் அந்த மலைநகருக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள். இது திருப்புளியின் தீர்ப்பு. ஒன்பது வருடமாக, முதல் பனி விழுகிற நாளிலிருந்து கடைசிப் பனி உருகி ஓடுகிற நாள் வரை, தட்டில் கை வைக்கும்போதெல்லாம் இதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் எடுப்பான். கேட்டுக் கேட்டு அவன் மனைவிக்குக் காது புளித்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அங்கேயும் இதே பாட்டுதான்.

எல்லாம் நகரசபை அச்சடித்த அந்த வண்ணத் தாளால் வந்த வினை. 'பனிக்காலத்தை அனுபவிக்கப் பத்து வழிகள்' என்று போட்டு, பேருந்து நிலையத்தில் அடுக்கடுக்காகக் குவித்து வைத்திருந்தார்கள். உறைந்த ஏரியில் ஸ்கேட்டிங் போகலாம், பிள்ளைகளை ஸ்லெட்டில் உட்கார வைத்து இழுக்கலாம், காட்டுக்குள் பனியில் நடக்கலாம், கம்பிவட வண்டியில் உச்சிக்குப் போய்ப் போட்டோ எடுக்கலாம். இதற்கெல்லாம் மேலே, முதல் வழியாகக் கொட்டை எழுத்தில், பனிச்சறுக்கு. வருகிற ஆள் இரண்டாவது வரியைப் படிக்கிறானா? கிடையாது. நேரே மலையடிவாரத்துக்கு வந்து, சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடை வாசலில் நிற்பான். காலை ஒன்பதுக்கெல்லாம் வரிசை தெருமுனை தாண்டிவிடும்.

கடையில் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். பெயர், வயது, உயரம், எடை, இதற்கு முன் எத்தனை தடவை சறுக்கியிருக்கிறீர்கள். ஐந்தே கேள்வி. அந்த ஐந்துக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினால் திருப்புளிக்கு ஏன் மூக்குக்கு மேல் கோபம் வரப்போகிறது? ஆண்கள் பனியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள், 'நன்றாகச் சறுக்குவேன்' என்று எழுதுவார்கள். பெண்கள் எடையில் கை வைத்துக் குறைப்பார்கள்.

அவன் வேலை பூட்டுத் திருகுவது. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கிற இரும்புப் பிடிக்குக் கடையில் பூட்டு என்று பேர். ஆள் விழும்போது அது டக்கென்று திறந்து காலை விட்டுவிட வேண்டும். இறுக்கி வைத்தால் கால் முறுக்கிக்கொண்ட பிறகும் விடாது. தளர்த்தி வைத்தால் ஓடும்போதே கழன்று ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குச் சுவரில் அட்டவணை தொங்குகிறது. எடை எந்த வரியில் வருகிறதோ அந்த வரியின் எண்ணுக்குத் திருகினால் ஆயிற்று. ஆனால் கண்டவனும் அந்தத் திருகில் கை வைக்க முடியாது. மலை நிர்வாகம் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுத்தவன்தான் தொடலாம். அந்தக் கடையில் அப்படிப்பட்டவன் இவன் ஒருவன்தான். சட்டைப் பையில் எந்நேரமும் திருப்புளி இருக்கும், அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது.

முதல் வருடம் ஒரு சீமாட்டி வந்தாள். பார்த்தால் எண்பது கிலோவுக்குக் குறையாது, ஃபாரத்தில் அறுபத்தைந்து என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அறுபத்தைந்துக்குத் திருகிக் கொடுத்தான். செங்குத்தான சரிவில் பலகை கழன்று, அவள் வேலிக் கம்பத்தில் மோதித் தோள்பட்டை எலும்பு உடைந்தது. உடைந்த தோளோடு கடைக்கு ஆளனுப்பி இவனைத்தான் திட்டினாள். அன்றைக்கு இவன் ஒரு முடிவெடுத்தான். பெண்கள் ஃபாரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆறு கிலோ கூட்டு. ஆண்கள் ஃபாரம் வந்தால் 'நன்றாக' என்பதை 'புதுசு' என்று படி, ஒரு எண் தளர்த்து. அட்டவணை போட்டவனுக்கு அட்டவணைதான் தெரியும், மனுஷங்களைத் தெரிந்தவன் நான்தான் என்று மார்தட்டிக்கொள்வான். கடையில் எல்லோருக்கும் இது தெரியும். முதலாளியம்மாவுக்கும் தெரியும். தெரிந்து, சிரித்தாள். இவன் கை பட்ட பூட்டு எட்டு வருடமாக யாரையும் ஏமாற்றியதில்லை, பிறகு என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. திருப்புளியின் பட்டறை கடைக்குப் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு சின்ன ஜன்னல், அதன் வழியாக ஃபாரமும் பூட்ஸும் உள்ளே வரும், பூட்டுத் திருகிய பலகை வெளியே போகும். இருபதாவதோ இருபத்தொன்றாவதோ ஃபாரம் ஒன்று கைக்கு வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பெயரைப் படிக்கவே வேண்டாம். குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிற்க வைக்கிற அந்தக் கையெழுத்து அவன் தங்கையுடையது. தபால்காரி. விலாசம் தெளிவில்லாத கடிதங்களின் மேல் திருத்தி எழுதி எழுதி அப்படி ஆகிவிட்ட கை.

எட்டிப் பார்த்தான். பத்தடி தூரத்தில் மகளோடு நின்று கையுறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சறுக்கப் பழக்குகிறார்கள், அம்மாவும் கூட வரவேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. அண்ணனிடம் சொல்லாமல் வந்து அசத்த வேண்டும் என்று நினைத்திருப்பாள். அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இருப்பதில் நல்ல பலகையாக எடுத்து மெழுகு தேய்த்தான்.

பிறகு எடையைப் பார்த்தான். அறுபத்தொன்று.

'நீயுமா?' என்று நினைத்து மறுபடியும் சிரித்தான். இரண்டு பிள்ளை பெற்றவள், அறுபத்தொன்றாம். அறுபத்தேழு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தான். அந்த ஆறு கிலோவில் வரி மாறியது, எண் ஏறியது. திருகினான். பத்தடி தூரம்தான். 'ஏய், நிஜமா எவ்வளவு?' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்தது கதை. ஒன்பது வருடமாக யாரிடமும் கேட்காதவன், கூடப் பிறந்தவளிடம் மட்டும் கேட்பானா?

பதினொரு மணி வாக்கில் சத்தம் கேட்டு ஓடினான். புதுசாகப் பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவு அது, நாலு வயசுக் குழந்தைகள் வழுக்கி விளையாடுகிற இடம். அங்கேதான் கிடந்தாள். மீட்பு ஆட்கள் இரண்டு பேர் பூட்டைக் கையால் அழுத்தித் திறந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று அழக்கூடத் தெரியாமல் விழித்தது. இவனைப் பார்த்ததும் தங்கை முதலில் சொன்னது, "எனக்கு விழத் தெரியலண்ணா" என்றுதான்.

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. அறுவை செய்ய வேண்டும், நடக்க மூன்று நான்கு மாதம் ஆகும், படியேற ஒரு வருடம் ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் வேலையே படியேறுவதுதான். நகரத்தின் மேல் தெருக்களுக்கு வண்டி போகாது, நானூறு படி ஏறி வீடு வீடாகத் தபால் கொடுக்க வேண்டும். அந்த மேல் தெருக்கள் அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. தபால் நிலையத்தின் தரைக்கடியில், ஜன்னல் இல்லாத அறையில், ஆறு வருடம் கடிதம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து வாங்கிய இடம் அது. வெயிலைப் பார்த்துச் சம்பாதிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவாள். தபால் நிலையத்தில் விதி ஒன்று இருந்தது. அடிபட்டது அவள் தப்பில்லாமல் என்றால் ஒரு வருடம் அந்த இடத்தை அவளுக்காக வைத்திருப்பார்கள். சொந்த அஜாக்கிரதை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அவள் மறுபடி தரைக்கடியில். யார் தப்பு என்பதற்கு மலை நிர்வாகம் எழுதித் தருகிற தாள்தான் சாட்சி.

இதைக் கேட்டதும் திருப்புளிக்குக் கோபம் தலைக்கேறியது. மருத்துவமனையிலிருந்து நேரே மலையடிவாரத்துக்கு வந்தான். சரிவைச் சமன்செய்கிற இயந்திரக்காரர்களைப் பிடித்தான். பனியைக் கட்டி கட்டியாக விட்டுவிட்டுத் தூங்கப் போனீர்களா என்று கேட்டான். பழக்குகிற வாத்தியாரைப் பிடித்தான். சம்பளம் வாங்குவது எதற்கு, விழச் சொல்லிக்கொடுக்கக்கூடத் துப்பில்லையா என்றான். வண்ணத் தாள் அடித்த நகரசபைக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் எடுக்காததற்கும் சேர்த்துத் திட்டினான். தங்கைக்கு அடிபட்டவன், கத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசியாக லிஃப்ட்காரரிடம் போனான். நாற்காலி லிஃப்ட் ஓட்டுகிறவர், இருபது வருடமாக அதே கூண்டுக்குள் உட்கார்ந்து அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷன். அவள் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மாவா உட்கார்ந்திருந்தீர் என்று இவன் கூண்டுக் கதவைத் தட்டினான். அவர் ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

"உங்க தங்கச்சி ஓடும்போது விழல. நின்னுக்கிட்டு இருந்தாங்க. பொண்ணு கூப்பிட்டுதுன்னு திரும்பினாங்க, பலகை ஒன்னு பனியில சொருகிக்கிச்சு. மெதுவா, உக்கார்ற மாதிரிதான் விழுந்தாங்க. உடம்பு திரும்பிடுச்சு, கால் திரும்பல. அந்தப் பூட்டு திறந்திருக்கணும் தம்பி."

பூட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீரா என்று இவன் கத்தினான். அவர் எடுக்கவில்லை. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தும் கத்தல் ஓயவில்லை. இயந்திரக்காரன், வாத்தியார், லிஃப்ட்காரர் என்று ஒவ்வொருவனாக இழுத்து வைத்து வறுத்தெடுத்தான். கோர்ட்டுக்கு இழுக்கிறேன், நாறடிக்கிறேன் என்றான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாத்தனார் மேல் உயிர். அழுது முகம் வீங்கியிருந்தது. தலை நிமிராமலே கேட்டாள்.

"நீங்க எத்தனை வெச்சீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். இவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். புருஷனையே சந்தேகப்படுகிறாயா, நீயும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாயா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு, பதில் வராத கேள்வியை இன்னொரு தரம் கேட்காமல், உள்ளே போய்விட்டாள். நடுக்கூடத்தில் அவன் தனியாக நின்றான். அறுபத்தேழு. பதில் தெரியாமலா கத்தினான்? ஜவ்வு என்று டாக்டர் சொன்ன நிமிடமே தெரியும். லிஃப்ட்காரர் பூட்டு என்றபோது இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை சத்தம். இப்போது திட்டுவதற்கு வெளியாள் யாரும் பாக்கி இல்லை.

அந்த மலையில் யாருக்குக் கால் போனாலும் நிர்வாகம் அந்தப் பலகையை முத்திரை வைத்து எடுத்துப் போய்விடும். வியாழக்கிழமை ஒரு அதிகாரி கடைக்கு வந்து ஃபாரத்தில் உள்ள எடையும் பூட்டில் உள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தினால் கடை மேல் குற்றமில்லை. பொருந்தாவிட்டால் திருகினவன் பதில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை முதலாளியம்மா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அறுபது வயது, பேச்சில் தேன் சொட்டும், கணக்காகக் காரியம் பார்ப்பவள். உட்காரச் சொன்னாள், டீ வரவழைத்தாள், தங்கை எப்படி இருக்கிறாள் என்று மூன்று தரம் விசாரித்தாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு நீலப் பேனா. தங்கை எழுதியதும் நீல மைதான்.

"அறுபத்தொன்னு. இந்த ஒன்னு ஏழானா போதும் தம்பி. மேல ஒரு சின்னக் கோடு. வேற எதையும் தொட வேண்டாம்."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. அப்படியானால் தப்பு அவள் மேல் போகும் என்றான். போகட்டுமே என்றாள் முதலாளியம்மா. ஏதோ அவசரத்தில் எடையைத் தப்பாக எழுதிவிட்டாள், அவ்வளவுதானே, இதற்காக அவளைத் தூக்கிலா போடப் போகிறார்கள்? உன் சான்றிதழ் போனால் கடைக்கு ஆள் இல்லை, பனிக்காலம் பாதிகூட முடியவில்லை, உனக்கும் குடும்பம் இருக்கிறது. தங்கைக்கு வேண்டிய உதவியைக் கடை செய்யும். சொல்லிவிட்டு, அவன் மனதைத் தேற்றுகிற நினைப்பில் ஒன்று சொன்னாள்.

"பொம்பளைங்க எடையை ஒழுங்கா எழுத மாட்டாங்கன்னு நீதானே ஊர் பூரா சொல்லிவெச்சிருக்க? அதிகாரியே சிரிச்சிட்டுப் போயிடுவார்."

திருப்புளி எழுந்து நின்றுவிட்டான். ஒன்பது வருடத்தில் எடையைக் கூட்டி எழுதின பெண் ஒருத்தியைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று மேஜையைத் தட்டினான். டீ சிந்தியது. முதலாளியம்மா கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, நிதானமாக யோசி, நாளை காலை பத்து மணிக்குத்தான் அதிகாரி வருகிறார் என்றாள். ஃபாரத்தையும் பேனாவையும் அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். கெட்டிக்காரி. தன் கையால் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஃபாரத்தை விரித்தான். அந்த ஒன்று தனியாக, நேராக நின்றது. பேனா கையில் இருந்தது. மறைப்பானேன், பேனாவை அந்த ஒன்றின் தலைக்கு மேலே கொண்டுபோனான். அரை நிமிடம் அங்கேயே வைத்திருந்தான். எட்டு வருட நல்ல பேர், சான்றிதழ், மாதச் சம்பளம், பரீட்சைக்குப் படிக்கிற மகன், எல்லாம் அந்த ஒரு கோட்டில் பத்திரமாக இருந்துவிடும். அவளைத் தரைக்கடியில் தள்ள வேண்டும், வேறொன்றும் இல்லை. அவளும் நம்பிவிடுவாள். எனக்குத்தான் எழுதத் தெரியவில்லை என்று அதையும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். விழத் தெரியவில்லை என்று சொன்னவள்தானே.

அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் ஆகிவிட்டது. சீ என்று பேனாவை நகர்த்தினான். வேறு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான்.

மலை நிர்வாகத்துக்கு என்று தொடங்கி எழுதினான். ஃபாரத்தில் எடை சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. நான்தான் தவறுதலாக ஆறு கிலோ கூட்டிப் பூட்டைத் திருகிவிட்டேன். விபத்துக்கு அவர் பொறுப்பல்ல. மூன்றே வரி. 'தவறுதலாக' என்ற சொல்லில் கை நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உண்மை எழுத உட்கார்ந்தவன் கை போகிற இடத்தைப் பாருங்கள். தவறுதலாக என்றால் நிர்வாகம் கண்டிக்கும், ஆறு மாதம் நிறுத்தி வைக்கும், மறுபடி பரீட்சை எழுதச் சொல்லும். வேண்டுமென்றே அட்டவணையை மீறினான் என்றால் சான்றிதழைக் கிழித்துப் போடும், பிறகு அந்த மலையில் எந்தக் கடையும் அவனை வாசலில்கூட நிறுத்தாது. இது அவனுக்கு மனப்பாடம்.

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். அறையில் இரண்டு கட்டில், ஒன்று காலி. தங்கை காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். தபால் நிலையத்திலிருந்து ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறான். இடத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்களாம். அண்ணா, அதுக்குள்ள மலைக்காரங்க பேப்பர் வந்துடுமா என்று கேட்டாள்.

அவன் தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் படித்தாள். தபால்காரி வேகமாகப் படிப்பாள், ஆனால் இந்த மூன்று வரிக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. அது நன்றாகவே தெரிந்தது. நான்கு நாளாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தவள், தப்பு நம்மேல் இல்லை என்று மூச்சு விட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். அவனுக்கு ஒரு வழியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"கூட்டத்துல யாரோடதுன்னு தெரியாம செஞ்சிட்டே. அதானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் அழுவாள், இவனும் அழுவான், எல்லாம் சரியாகிவிடும். அந்த ஆமாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"இல்ல" என்றான். "உன் கையெழுத்துன்னு பாத்த உடனே தெரிஞ்சுது. எட்டி உன்னைப் பாக்கக்கூடப் பாத்தேன்."

"பாத்துட்டா கூட்டினே?"

"நீயும் குறைச்சுத்தான் எழுதியிருப்பேன்னு நெனச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே ஏரியில் ஸ்கேட்டிங் போகிற பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. திருப்புளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தான். அவள் குரல் உயரவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்து வீட்டுல எடை மெஷின் கடன் வாங்கினேன். கோட்டு, பூட்ஸ் எல்லாம் கழட்டிட்டு ஏறி நின்னேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. பொண்ணு சிரிச்சா. ஏம்மா, சுமாரா எழுதினா என்னன்னு கேட்டா. மாமா நம்ம ஃபாரத்தைப் பாப்பாரு, அந்தப் பொய்யருங்க கூட்டத்துல நாமளும் சேரக் கூடாதுன்னு சொன்னேன்."

அண்ணனின் கை கம்பியிலிருந்து நழுவியது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கட்டிலோரச் சின்ன மேஜையை எட்டி இழுத்து, தாளை அதன் மேல் வைத்து, பேனா கேட்டாள். அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நீலப் பேனா. எடுத்த பிறகுதான் அது முதலாளியம்மாவின் பேனா என்பது நினைவுக்கு வந்தது.

'தவறுதலாக' என்பதை அவள் ஒரே கோடாக அடித்தாள். அடித்த இடத்துக்கு மேலே, குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்க, 'தெரிந்தே' என்று எழுதினாள். விலாசம் தப்பாக இருக்கிற கடிதத்தைத் திருத்துகிற அதே கவனம்.

"இதுலயாவது உள்ளத எழுதணும்" என்றாள். "கையெழுத்துப் போடு."

இதைப் போட்டால் என் சான்றிதழ் போய்விடும் என்று அவனால் சொல்ல முடியவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடமாக அவன் சாப்பாட்டு வேளையில் சொன்ன கதைகளை எல்லாம் கேட்டவள், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு தண்டனை என்று அவளுக்கும் மனப்பாடம். அவள் பேனாவை நீட்டியபடியே இருந்தாள். அவன் குனிந்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவள் தாளை வாங்கி, மை காய்கிற வரைக்கும் பிடித்திருந்தாள். பிறகு நான்காக மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவர் அதிகாரி கையிலேயே கொடுப்பார் என்றாள். நானே கொடுக்கிறேன், கடையில்தானே இருப்பேன் என்றான் திருப்புளி.

"வேண்டாம்" என்றாள் தங்கை. "வழியில நீ என்ன கூட்டுவ, என்ன குறைப்பன்னு எனக்குத் தெரியாது."